எஃகின் ஞாபகமும் பிளாஸ்டிக்கின் மறதியும்

மாதத்துக்கு ஒருமுறை எங்கள் தெருவுக்கு வரும் பழைய பேப்பர்காரரிடம், சென்ற ஞாயிற்றுக்கிழமை, செய்தித்தாள் கட்டோடு சேர்த்து, கை கழுவும் சோப்புத் திரவம் தீர்ந்துபோன ஐந்து பாட்டில்களையும் நான் எடுத்துக் கொடுத்தபோது, அவர் ஒவ்வொரு பாட்டிலின் கழுத்தையும் ஒரே திருகாகத் திருகி, மேலே இருந்த பம்பைக் கழற்றி என் வீட்டுத் திண்ணையிலேயே வைத்துவிட்டு, வெறும் பாட்டிலை மட்டும் சாக்கில் போட்டுக்கொண்டார்.

“ஏம்ப்பா, அதுவும் பிளாஸ்டிக்தானே? அதை ஏன் விட்டுவிட்டாய்?” என்று கேட்டேன்.

“உள்ளே ஸ்பிரிங் இருக்கு சார். இரும்புக்கும் சேராது, பிளாஸ்டிக்குக்கும் சேராது. கடையில எடுக்க மாட்டாங்க.”

அவர் போன பிறகு, திண்ணையில் அநாதைகளாகக் கிடந்த அந்த ஐந்து பம்புகளையும் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெரிய தொழிற்சாலைகளின் எஞ்சினீயர்கள் பல வருஷங்களாகப் பெரும் பிரயத்தனத்துடன் மல்லாடிவரும் ஒரு பிரச்னையை, சாக்கும் தராசுமாகத் தெருத்தெருவாய்ப் போகிற அந்த மனிதர் மூன்றே வாக்கியங்களில் சொல்லி முடித்துவிட்டார். இரும்புக்கும் சேராமல் பிளாஸ்டிக்குக்கும் சேராமல் நிற்கிற அந்தச் சிறு யந்திரத்தை முழுக்க முழுக்கப் பிளாஸ்டிக்கின் ஜாதியிலேயே சேர்த்துவிட முடியுமா என்பதே அவர்கள் கேட்டுவரும் கேள்வி. கேள்வி எளியதாகத் தோன்றுகிறது. விடையோ அத்தனை எளியதாக அகப்படவில்லை.

ஓர் இடுக்கியையும் பழைய கத்தியையும் எடுத்துக்கொண்டு அவற்றில் ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன். கட்டைவிரலால் நாம் அமுக்குகிற தலை, பாட்டிலின் வாயைப் பற்றிக்கொள்ளும் மரை மூடி, அதனடியில் ஒரு வாஷர், மூடியிலிருந்து கீழே தொங்கும் சிறு சிலிண்டர், அதற்குள் மேலும் கீழும் போய்வரும் பிஸ்டன், பிஸ்டனையும் தலையையும் இணைக்கும் தண்டு, எவர்சில்வர் ஸ்பிரிங் ஒன்று, மிளகைவிடச் சற்றே பெரிய கண்ணாடிக் குண்டு ஒன்று, பாட்டிலின் அடிவரை நீளும் உறிஞ்சுகுழாய் என்று, உள்ளங்கையில் அடங்கிவிடும் அந்தக் கருவிக்குள் ஒன்பது அங்கங்கள் இருந்தன. பம்புக்குப் பம்பு இந்த எண்ணிக்கை கொஞ்சம் கூடும், குறையும். தலையும் மூடியும் சிலிண்டரும் பாலிப்ரொப்பிலீன்; பிஸ்டனும் உறிஞ்சுகுழாயும் அதைவிட மிருதுவான பாலிஎதிலீன்; ஸ்பிரிங் எஃகு; குண்டு கண்ணாடி. சில பம்புகளில் இவற்றோடு அசிட்டால் என்ற கடினமான பிளாஸ்டிக்கும், ரப்பரும் சேர்ந்துகொள்ளும்.

இந்த யந்திரத்தின் சூட்சுமம் நம் கிராமத்து அடிபம்பின் சூட்சுமமேயன்றி வேறல்ல. தலையை அமுக்கிவிட்டு விரலை எடுத்தால், ஸ்பிரிங் பிஸ்டனை மேலே தள்ளுகிறது. சிலிண்டருக்குள் இடம் விரிந்து அழுத்தம் குறைகிறது. பாட்டிலுக்குள் திரவத்தின்மேல் நிற்கும் காற்று, தன் அழுத்தத்தால் அந்தத் திரவத்தை உறிஞ்சுகுழாய் வழியே மேலேற்றி, குண்டைத் தூக்கிக்கொண்டு சிலிண்டருக்குள் பிரவேசிக்கச் செய்கிறது. மறுபடி அமுக்கினால், குண்டு தன் குழியில் உட்கார்ந்து வந்த வழியை அடைத்துவிட, திரவத்துக்குத் தலையின் மூக்கைத் தவிர வேறு போக்கிடம் இல்லாமற்போகிறது. புதுப் பாட்டிலைத் திறந்ததும் முதல் மூன்று நான்கு அமுக்குகளுக்கு ஒன்றும் வராமல் காற்றுமட்டுமே சீறுவதும், தண்ணீர் இறங்கிப்போன அடிபம்பில் மேலே ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றிவிட்டு அடிப்பதும் ஒரே காரணம் பற்றியவைதாம். கண்ணாடிக் குண்டோ, நாம் சிறுவயதில் கட்டைவிரலால் உள்ளே தட்டித் திறந்த கோலி சோடாவின் உறவுமுறை. ஹிராம் காட் என்ற ஆங்கிலேயர் 1872-ல் காப்புரிமை பெற்ற அந்தப் பாட்டிலில், வாயுவின் அழுத்தம் கோலியை மேல்நோக்கித் தள்ளி வாயை அடைத்தது. பம்பிலோ குண்டு தன் பாரத்தாலேயே கீழே இறங்கி அடைக்கிறது. பாரத்தாலேயே என்பதைத் தயவுசெய்து ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அது ஒரு சங்கடத்தைக் கொண்டுவரப் போகிறது.

இத்தனை சாமர்த்தியமான கருவி நம் குளியலறைக்குள் நுழைந்த சரித்திரம் சுவாரசியமானது. திரவ சோப்புக்கு நியூயார்க்கைச் சேர்ந்த வில்லியம் ஷெப்பர்ட் 1865-லேயே காப்புரிமை வாங்கியிருந்தும், நூறு வருஷங்களுக்கு மேலாக அது பொதுக் கழிப்பறைகளையும் ஆஸ்பத்திரிகளையும் தாண்டி வீடுகளுக்குள் பெரிதாக வரவில்லை. 1980-ல், அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் மின்னடோங்கா என்ற சிறு நிறுவனத்தை நடத்திவந்த ராபர்ட் டெய்லர், பம்பு வைத்த பாட்டிலில் ‘சாஃப்ட்சோப்’ என்ற பெயரில் திரவ சோப்பை நாடெங்கும் விற்பனைக்கு அனுப்ப முனைந்தார். சோப்பைக் காய்ச்சுவதில் பரம்பரை பரம்பரையாய்ப் பழக்கமுள்ள ராட்சச நிறுவனங்கள், பண்டம் விலைபோகிறது என்று கண்டதும் அதே பண்டத்தைத் தாமும் செய்து, தன்னை நசுக்கிவிடும் என்பது அவருக்குத் தெரியும். சோப்புக்குக் காப்புரிமை இல்லை, பாட்டிலுக்கும் இல்லை. ஆனால் அந்த மாதிரிச் சிறு பம்புகளை அந்நாட்டில் அப்போது செய்துவந்தவை இரண்டே நிறுவனங்கள்தாம் என்பதைக் கவனித்த டெய்லர், அவ்விரண்டிடமும் சேர்த்துப் பத்துக் கோடிப் பம்புகளுக்கு ஒரேயடியாக ஆர்டர் கொடுத்துவிட்டார். மற்றவர்களுக்குப் பம்பே கிடைக்காமல் போக, அந்த இடைவெளியில் அவர் பெயர் வீட்டுக்கு வீடு நிலைத்துவிட்டது. 1987-ல் கோல்கேட்-பாமாலிவ் நிறுவனம் அந்தச் சோப்புத் தொழிலையே விலைக்கு வாங்கிக்கொண்டது. யாரும் பொருட்படுத்தாத ஒரு மூடியின் மகிமையைச் சோப்பு ராஜாக்களுக்கெல்லாம் முன்னால் அறிந்துகொண்ட ஒரு மனிதரின் கதை இது.

பம்புக்குள் இத்தனை ஜாதிப் பொருள்களைக் கலந்து வைத்தவர்கள் அஜாக்கிரதையாகச் செய்துவிட்டார்கள் என்று சொல்வதற்கில்லை. சிலிண்டர் விறைப்பாக இருக்கவேண்டும், ஆகவே பாலிப்ரொப்பிலீன். அதன் சுவரில் ஒட்டி வழுக்கிக்கொண்டே கசிவையும் தடுக்கவேண்டிய பிஸ்டன் மிருதுவாக இருக்கவேண்டும், ஆகவே பாலிஎதிலீன். எத்தனை முறை அமுக்கினாலும் சளைக்காமல் எழவேண்டும், ஆகவே எஃகு. திரவத்துக்குள் மூழ்கித் தன் இடத்தில் உட்காரவேண்டும், ஆகவே கண்ணாடி. ஒவ்வொரு தேர்வும் அதனதன் அளவில் நியாயமானதே. அவர்கள் பம்பின் ஜீவிதத்தை மட்டும் யோசித்தார்களேயன்றி அதன் மரணத்தை யோசிக்கவில்லை; யோசிக்கவேண்டும் என்று அக்காலத்தில் அவர்களிடம் யாரும் சொல்லவுமில்லை.

அந்த மரணம் நிகழுமிடம் ஒரு தண்ணீர்த் தொட்டி. பிளாஸ்டிக் மறுசுழற்சிக் கூடங்களில் பாட்டில்களை நொறுக்கிச் சில்லுகளாக்கி, கழுவி, நீரில் விடுகிறார்கள். மிதப்பது ஒரு ஜாதி, மூழ்குவது மற்றொரு ஜாதி என்று பிரித்தெடுப்பதற்கு இதைவிட மலிவான உபாயம் இதுவரை அகப்படவில்லை. தண்ணீரின் அடர்த்தியை 1 என்று கொண்டால், பாலிப்ரொப்பிலீன் 0.90, ஷாம்பு பாட்டில்களுக்கு உதவும் கெட்டிப் பாலிஎதிலீன் 0.95, இரண்டும் மிதக்கும். குடிதண்ணீர் பாட்டிலாகவும் சோப்பு பாட்டிலாகவும் நாம் நன்கறிந்த பெட் 1.38, அது மூழ்கும். ஆகையால் பெட் பாட்டிலின் தலையில் பாலிப்ரொப்பிலீனும் பாலிஎதிலீனும் மட்டுமே இருந்தால், நொறுங்கிய பிறகு தொட்டியில் அவை தாமே மேலே மிதந்து விலகிக்கொள்ளும், ஒருவருக்கும் சிரமமில்லை. கண்ணாடியின் அடர்த்தியோ ஏறக்குறைய 2.5. அது பெட்டோடு சேர்ந்து அடியில் படிந்து, உருக்கும் யந்திரத்தின் சல்லடை வரைக்கும் போய் அடைத்துக்கொள்கிறது. எஃகு ஸ்பிரிங் அதற்கு முன்னதாகவே அரவை யந்திரத்தின் கத்திகளை மழுங்கச் செய்துவிடும்.

“எஃகுதானே, காந்தத்தைக் காட்டினால் இழுத்துக்கொள்ளாதா?” என்று வாசகர்கள் கேட்கக்கூடும். சமையலறைக்குப் போய், ஒரு காந்தத்தை எவர்சில்வர் டம்ளரின்மேல் வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் ஒட்டாமல் வழுக்கி விழும். திரவத்துக்குள் துருப்பிடிக்கக்கூடாது என்பதற்காகப் பம்புகளில் வைக்கும் ஸ்பிரிங்கும் அந்த வம்சத்தைச் சேர்ந்ததே. கம்பியாக இழுக்கப்பட்டதில் அதற்குச் சிறிது காந்தக் குணம் வந்திருந்தாலும், பிளாஸ்டிக் துண்டொன்று அதைக் கவ்விக்கொண்டிருந்தால் காந்தத்துக்குத் தப்பிப்போவது சகஜம். எந்தத் துருப்பிடிக்காத குணத்துக்காக அந்த எஃகு போற்றப்பட்டதோ, அந்தக் குணத்துக்குக் காரணமான சேர்மானமே கடைசியில் அதைக் கண்டுபிடிக்கவொட்டாமல் செய்துவிடுகிறது.

ஆகவே, ஸ்பிரிங்கைப் பிளாஸ்டிக்கிலேயே செய்துவிட்டால் என்ன? இங்கேதான் விஷயத்தின் உயிர்நிலை இருக்கிறது.

எஃகுக்கு ஞாபகம் உண்டு. அதன் சக்திக்கு உட்பட்ட அளவில் ஒரு ஸ்பிரிங்கை அமுக்கி ஆறு மாதம் வைத்திருந்து விட்டாலும், அது தன் பழைய நீளத்தை மறவாமல் எழுந்து நிற்கும். பிளாஸ்டிக்கோ மறதி சுபாவமுள்ளது. பாலிஎதிலீனும் பாலிப்ரொப்பிலீனும் மிக நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறுகள் இடியாப்பச் சிக்கலாகப் பின்னிக்கிடக்கும் பொருள்கள். ஒரே நிலையில் வளைத்துப் பிடித்தால், அந்தச் சங்கிலிகள் மெல்ல மெல்ல ஒன்றின்மேல் ஒன்று நழுவி, வளைந்த கோலத்தையே தம் இயற்கையான கோலமாக ஏற்றுக்கொண்டுவிடுகின்றன. வெப்பம் ஏற ஏற இந்த நழுவல் துரிதப்படும். மொட்டைமாடியில் விறைப்பாகக் கட்டிய நைலான் கொடிக்கயிறு, பாரம் தாங்கித் தாங்கி ஒரு கோடைக்குள் தொய்ந்துவிடுவதைப் பார்க்காதவர் யார்? கயிறு அறுந்துவிடவில்லை, தான் எத்தனை நீளமாக இருந்தோம் என்பதை மறந்துவிட்டது, அவ்வளவுதான்.

பம்புக்கு இந்த மறதி பிராணாபத்து. வழக்கமான பம்புகளில், லாரிப் பயணத்தின்போது கசியாமலிருக்கத் தலையைக் கீழே அமுக்கித் திருகிப் பூட்டிவிடுகிறார்கள்; வாங்குகிறவர் எதிர்ப்புறம் திருகினால் தலை துள்ளி எழும். அப்படிப் பூட்டிய பாட்டில் தொழிற்சாலையிலும் கிடங்கிலும் கடை அலமாரியிலும் மாதக்கணக்கில் நிற்கிறது. நடுவே சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கடியிலும் காத்துக்கிடக்கிறது. உள்ளே இருப்பது எஃகாக இருந்தால் கவலையில்லை. பிளாஸ்டிக்காக இருந்தால், கடைசியில் அந்தப் பூட்டைத் திறக்கிறவர் காண்பது, எழுந்திருக்க மனமில்லாமல் படுத்துக்கிடக்கும் ஒரு தலையைத்தான்.

முதலில் முயன்றவர்கள் சிலர், பிளாஸ்டிக்குகளுக்குள்ளேயே ஞாபகசக்தி அதிகமுள்ள ஒன்றைத் தேடி அசிட்டாலைக் கண்டெடுத்தார்கள். கடிகாரங்களின் பல்சக்கரங்களுக்கும் பைகளின் கொக்கிகளுக்கும் உதவுகிற, உறுதியும் துள்ளலும் உள்ள பொருள் அது. பம்பு நன்றாகவே வேலை செய்தது, எஃகும் இல்லை. ஆனால் அசிட்டாலின் அடர்த்தி 1.41. தொட்டியில் அது பெட்டோடு சேர்ந்து மூழ்கிற்று. அதோடு நிற்காமல், பெட்டை உருக்குவதற்கு வேண்டிய 270 டிகிரி வெப்பத்தில் அது சிதைந்து, மூக்கைத் துளைக்கும் ஃபார்மால்டிஹைடு வாயுவை விடலாயிற்று. உலோகமில்லாத பம்பு வேறு, மறுசுழற்சிக்கு உகந்த பம்பு வேறு என்பதை அப்போதுதான் பலர் உணர்ந்தார்கள். இன்றைக்கும் ‘உலோகமற்றது’ என்ற விளம்பரத்தைக் கண்டதும் மகிழ்ந்துவிடுகிறவர்களுக்கு இதை நினைவூட்டுவது அவசியம் என்றே எனக்குப் படுகிறது.

வேறு பொருளைத் தேடுவதை விட்டு, மறதியுள்ள பொருளை அதன் மறதியோடேயே ஏற்றுக்கொண்டு, வடிவத்தால் அதற்குப் பரிகாரம் தேடியவர்களே கடைசியில் வழி கண்டார்கள். கம்பியைச் சுருட்டியதுபோன்ற வடிவத்தைப் பிளாஸ்டிக்கில் அப்படியே வார்த்தால், திருகலின் பாரம் முழுவதையும் ஒரு மெல்லிய இழையே தாங்கவேண்டியிருக்கும். அதற்குப் பதிலாக ஹார்மோனியத்தின் துருத்தியைப்போல மடிப்பு மடிப்பாக வார்த்தால், பாரம் பல மடிப்புகளுக்குப் பகிர்ந்துபோய், ஒவ்வொன்றும் கொஞ்சமே வளைந்தால் போதும். இன்னொரு வகை எனக்கு மிகவும் பிடித்தது. நீளவாட்டில் பிளவு விட்ட ஒரு பிளாஸ்டிக் குழலின் இரு முனைகளிலும் கூம்புகளை வைத்திருப்பார்கள். நாம் தலையை அமுக்கும்போது கூம்பு குழலுக்குள் புகுந்து அதன் பிளவை அகலப்படுத்தும். விரலை எடுத்ததும் பிளவு தன்னை மூடிக்கொள்ள முயன்று கூம்பை வெளியே பிதுக்கித் தள்ளும். குளிக்கும்போது ஈரச் சோப்பை இறுக்கிப் பிடித்தால் அது கையிலிருந்து எகிறிப் போகிறதே, அந்தத் தத்துவந்தான். சோப்புக்கட்டியின் இடத்தைப் பல வீடுகளில் பிடித்துக்கொண்ட பம்பு, சோப்புக்கட்டியின் துள்ளலைக் கடன் வாங்கி எழுந்து நிற்கிறது.

இத்தகைய ஸ்பிரிங் பருமனானது; சிலிண்டருக்குள் அடங்காது. ஆகையால் அதைத் திரவம் ஓடும் பாதைக்கு வெளியே, தலைக்கும் மூடிக்கும் நடுவே வைக்கிறார்கள். இடமில்லாத குறையால் செய்த அந்த மாற்றம் ஓர் அனுகூலமாகவும் முடிந்தது. அமிலம் கலந்த திரவங்களும் வெளுப்புப் பொருள் (பிளீச்) கலந்த திரவங்களும் எவர்சில்வரைக்கூட நாளடைவில் அரிப்பதுண்டு. இப்போது திரவத்தை உலோகம் தொடுவதுமில்லை, ஸ்பிரிங்கே தொடுவதுமில்லை.

பூட்டுவதிலும் ஒரு மாற்றம் வந்தது. தலையைக் கீழே அமுக்கிப் பூட்டாமல், எழுந்து நிற்கிற நிலையிலேயே அசையாதபடி பூட்டிவிடுகிறார்கள். பாட்டில் கொஞ்சம் உயரமாகிறது. ஒரு பெட்டியில் அடுக்கக்கூடிய பாட்டில்களும் அதற்கேற்பக் குறைகின்றன. ஆனால் வாங்குகிறவர் கையில் சேரும்வரை ஸ்பிரிங்கின்மேல் பாரமே இல்லாததால், மறப்பதற்கும் அதற்கு ஒன்றுமில்லை. அதன்பின் ஒவ்வொரு அமுக்கிலும் ஒரு க்ஷணமே வளைந்து மீளவேண்டியிருப்பதை, பாலிப்ரொப்பிலீன் தாராளமாகத் தாங்கும். இத்தாலியில் ஜூலியோ நாட்டா 1954-ல் உருவாக்கிய அந்தப் பிளாஸ்டிக்குக்கு, மீண்டும் மீண்டும் மடங்கியும் முறியாத ஒரு தனிக்குணம் உண்டு. தைல பாட்டிலின் மூடியோடு ஒட்டிப் பிறந்த மெல்லிய கீல், நாம் நாள்தோறும் திறந்து மூடியும் அறாமலிருப்பது அதனால்தான்.

இனி அந்தக் குண்டு. அதையும் பாலிப்ரொப்பிலீனில் உருட்டி வைத்துவிட்டால் ஆயிற்று என்று எண்ணினால், முன்பே சொன்ன சங்கடம் எதிரே வந்து நிற்கும். மறுசுழற்சித் தொட்டியில் மிதக்கவேண்டும் என்பதற்காகத் தேர்ந்த பொருள் பாட்டிலுக்குள்ளும் மிதக்குமன்றோ? மிதக்கிற குண்டு குழியில் உட்காராது. உட்காராத குண்டு வழியை அடைக்காது. எந்தக் குணம் அதற்கு நற்கதி தருகிறதோ அதே குணம் உயிரோடிருக்கும்போது உதவாமற்போகிறது. ஆகவே குண்டையே கைவிட்டு, கிணற்றுப் பம்பின் ஃபுட் வால்வில் ஒரு பக்கம் பொருத்தித் திறந்து மூடும் தோல் கதவைப்போல, மெல்லிய பிளாஸ்டிக் இதழ் ஒன்றை வைத்தார்கள். அது பாரத்தை நம்பாமல் தன் நெகிழ்ச்சியை நம்பி மூடிக்கொள்கிறது. பாகுபோல் கெட்டியான திரவங்களில் குண்டு மெதுவாக இறங்குவதால் நேரும் தாமதமும் இதனால் குறைந்தது.

மிச்சமிருந்தது உராய்வு. ஒரே பிளாஸ்டிக் தன்மேல் தானே உரசினால் கிறீச்சிடும், சுரண்டும். விறைப்பான சிலிண்டருக்குள் மிருதுவான பிஸ்டன் என்ற பழைய ஏற்பாடு அதற்காகவே வந்தது. ஒரே குடும்பத்துப் பிளாஸ்டிக்கிலேயே கெட்டியான ரகத்தையும் மிருதுவான ரகத்தையும் பொறுக்கியெடுத்தும், பிஸ்டனின் விளிம்பைத் தலைமயிரளவுக்குக் கூட்டியும் குறைத்தும் பார்த்தும் இதைச் சமாளிக்கிறார்கள். அச்சு செய்கிறவர்களின் பொறுமையைச் சோதிக்கும் வேலை இது; வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இதில் ஒரு ரசமும் இராது.

இவ்வழியில் வெற்றி கண்டவர்களில் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தைத் தலைமையிடமாகக் கொண்ட ஆப்டார் நிறுவனம் ஒன்று. ஸ்பிரிங் உட்பட யாவும் பாலிஎதிலீனாலேயே ஆன ‘ஃபியூச்சர்’ என்ற பம்பை அது 2021-ல் சந்தைக்குக் கொண்டுவந்தது. பாலிப்ரொப்பிலீனைக் காட்டிலும் மறதி மிகுந்த பாலிஎதிலீனில் ஸ்பிரிங் செய்யத் துணிந்தது வியக்கத்தக்கது. பாலிஎதிலீன் பாட்டிலோடு அது அப்படியே உருகிக் கலந்துவிடும், பெட் பாட்டிலிலிருந்தோ மிதந்து பிரிந்துவிடும் என்ற இரட்டை லாபத்துக்காகவே அந்தத் துணிச்சல். வேறு சில பெரிய பம்பு நிறுவனங்களும் தத்தம் வழியில் இதே திக்கில் நடந்துகொண்டிருக்கின்றன. ஏறக்குறைய இதே காலத்தில், 2019-ல், கோல்கேட் நிறுவனம் அலுமினியத் தாள் ஒட்டிய பழைய பற்பசைக் குழலை விடுத்து, முழுவதும் கெட்டிப் பாலிஎதிலீனாலான குழலைக் கொண்டுவந்ததையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

நிறுவனங்களின் நல்லெண்ணம் மட்டுமே இதற்கெல்லாம் காரணம் என்று நம்பும் அளவுக்கு நான் அப்பாவியல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 பிப்ரவரி 11 அன்று அமலுக்கு வந்த சட்டம், 2030-ஆம் ஆண்டுக்குள் எல்லாப் பொதிகலன்களும் மறுசுழற்சிக்கு உகந்தவையாக இருக்கவேண்டும் என்று விதித்து, அவற்றைத் தரம்பிரித்து, 70 சதவீதத்துக்குக் கீழ்ப்பட்டவற்றைத் தகுதியற்றவை என்றே தள்ளிவிடுகிறது. நம் நாட்டில் 2016-ஆம் வருஷத்துப் பிளாஸ்டிக் கழிவு விதிகளோடு 2022 பிப்ரவரியில் சேர்க்கப்பட்ட உற்பத்தியாளர் பொறுப்பு ஏற்பாட்டின்படி, கெட்டியான பிளாஸ்டிக் பொதிகலன்களில் 2025-26 முதல் 30 சதவீதமும், 2028-29 முதல் 60 சதவீதமும் மறுசுழற்சி செய்த பிளாஸ்டிக்கே இருக்கவேண்டும். பழைய பாட்டிலிலிருந்து வரும் குருணையைத் தாங்களே திரும்ப வாங்கிப் புதுப் பாட்டிலில் கலந்தாகவேண்டும் என்ற நிர்ப்பந்தம் வந்துவிட்டால், அந்தக் குருணையில் கண்ணாடித் தூளும் அசிட்டால் நாற்றமும் இருக்கக்கூடாது என்ற சிரத்தை தானே வந்துவிடும்.

இதில் வேடிக்கையான முரண்பாடு ஒன்றும் உண்டு. இதுகாறும் மேல்நாடுகளில் ‘பம்பைக் கழற்றிக் குப்பையில் போடுங்கள், பாட்டிலை மட்டும் மறுசுழற்சிக்குக் கொடுங்கள்’ என்று பாட்டிலின் முதுகிலேயே அச்சிட்டிருந்தார்கள். முழுப் பிளாஸ்டிக் பம்புக்கோ நேர்மாறான உபதேசம்: கழற்றாதீர்கள், மாட்டியபடியே கொடுங்கள். ஏனெனில் தனியாகப் போட்ட பம்பு, பிரித்தெடுக்கும் கூடத்தின் சல்லடைத் துளைகள் வழியே மற்றச் சில்லறைக் குப்பையோடு நழுவி விழுந்து காணாமற்போய்விடும். பாட்டிலின் கழுத்தைக் கட்டிக்கொண்டு போனால்தான் கரை சேரும். பல வருஷம் ஒன்றைச் சொல்லிப் பழக்கிவிட்டு, அதை மறக்கச் சொல்வது ஸ்பிரிங் செய்வதைவிடக் கடினமான காரியமாகவும் இருக்கலாம்.

திண்ணையில் பிரித்துப் போட்ட பம்பின் முன்னால் உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். பாட்டில் 250 மில்லி. ஓர் அமுக்குக்கு ஏறக்குறைய 2 மில்லி. அதாவது, அந்த எவர்சில்வர் ஸ்பிரிங் தன் ஆயுளில் செய்த மொத்த வேலை 125 அமுக்குகள். ஆயிரக்கணக்கில் அமுக்கினாலும் அலுத்துக்கொள்ளாத எஃகை, சுரங்கத்தில் வெட்டி, உலையில் உருக்கி, நிக்கலும் குரோமியமும் சேர்த்து, கம்பியாக இழுத்து, சுருட்டி, 125 தடவை அமுக்கிவிட்டு எறிகிறோம். இந்தச் சில்லறை வேலைக்குப் பிளாஸ்டிக்கின் அற்ப ஞாபகமே யதேஷ்டம். எறியத்தான் போகிறோம் என்றால் முழுப் பிளாஸ்டிக் பம்பே சரி; அதில் எனக்குச் சந்தேகமில்லை.

எறியாமலிருக்க முடியுமானால் கணக்கே வேறு. ஜப்பானில் ஷாம்புவின் பெரும்பகுதி இன்று மெல்லிய பைகளில்தான் விற்பனையாகிறது. பழைய பாட்டிலிலேயே ஊற்றி, பழைய பம்பையே வருஷக்கணக்கில் வைத்துக்கொள்கிறார்கள். அங்கே எஃகு ஸ்பிரிங் வீண்செலவு அல்ல. தன் ஞாபகத்துக்குத் தகுந்த உத்தியோகம் அதற்குக் கிடைத்துவிடுகிறது. பை மட்டும் குப்பைக்குப் போகிறதே என்று கேட்டால், அது உண்மைதான். ஆனால் பையின் பிளாஸ்டிக், பாட்டிலும் பம்பும் சேர்ந்த பிளாஸ்டிக்கில் ஒரு சிறு பங்கே.

பிரிக்காமல் விட்ட நான்கு பம்புகளையும் வெந்நீரில் கழுவிக் காயவைத்திருக்கிறேன். நம் கடைகளிலும் இப்போது சோப்புத் திரவம் பையில் கிடைக்கிறது. அடுத்த முறை பாட்டிலை வாங்காமல் பையை வாங்கிவந்து, வாய் பொருந்துகிற ஏதாவதொரு ஜாடியில் ஊற்றி, அவற்றில் ஒன்றை மாட்டிக்கொள்ள உத்தேசம். வாசகர்களும் தீர்ந்துபோன பாட்டிலைக் கொடுப்பதற்கு முன்னால் பம்பின் சிலிண்டரை வெளிச்சத்தில் ஒருமுறை தூக்கிப் பாருங்கள். உள்ளே கம்பிச் சுருள் தெரிந்தால் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். தெரியவில்லை என்றால், மாட்டியபடியே கொடுத்துவிட்டு, அதில் எஃகு ஸ்பிரிங் இல்லை என்பதைப் பழைய பேப்பர்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள்.